உங்கள் பணம் உங்கள் பெயரிலேயே கடல் தாண்டட்டும்

திருப்பதியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால், கேட்டில் பூட்டுத் தொங்கும் வீடுகள் அடிக்கடி கண்ணில் படும். 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும், தேவஸ்தானத்திலும், அரசு அலுவலகங்களிலும் முப்பது முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர்கள், பி.எஃப். பணத்தையும் வீட்டுக் கடனையும் போட்டுக் கட்டிய வீடுகள் அவை. சித்தூரில் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் போனாலும் இதே கதைதான். பையன் டல்லாஸில், பெண் மெல்போர்னில். முதலில் பிரசவம் பார்க்க ஆறு மாதம் போனார்கள். பிறகு பேரனைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆறு மாதம். எழுபதை நெருங்கும்போது, "இனிமே அங்க தனியா எதுக்குப்பா இருக்கணும், மொத்தமா வந்துடுங்க" என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். விசாவுக்கு அலைகிறார்கள், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறார்கள், ஆவக்காய் ஊறுகாய் எத்தனை கிலோ எடுத்துப்போகலாம் என்றுகூட விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் எப்படி அங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி மட்டும் பயணத்துக்கு முந்தைய வாரம் வரை தள்ளிப்போகிறது.

தள்ளிப்போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு வெளிநாட்டுப் பணம் வந்துதான் பழக்கம், போய்ப் பழக்கமில்லை. ராஜம்பேட்டை, கோடூர், ராயச்சோட்டி என்று சுற்றுவட்டாரம் முழுக்க குவைத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய தினாரில் வீடு எழும்பியிருக்கிறது, கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. வரும் பணத்தை எந்தக் கணக்கில் எப்படி வாங்குவது என்று இங்குள்ள வங்கி ஊழியர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து, "என் டெபாசிட்டை உடைச்சு அமெரிக்காவுல இருக்கற என் கணக்குக்கு அனுப்பணும் சார்" என்று நின்றால், கவுன்ட்டரில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். எல்லாக் கிளைகளும் அந்நியச் செலாவணி பார்ப்பதில்லை. விண்ணப்பத்தை வாங்கி, அந்த வேலையைப் பார்க்கும் பெரிய கிளைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஒரு கேள்வி வரும். பதில் போகும். இன்னொரு கேள்வி வரும். இதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும்.

அந்த நெருக்கடியில்தான் எல்லோரும் ஒரே குறுக்குவழியில் இறங்குகிறார்கள்: "எதுக்குப்பா உனக்குத் தனியா ஒரு கணக்கு? என் கணக்குக்கே அனுப்பிடு." பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் முப்பத்தைந்து வருட உழைப்பு கைமாறிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கைமாற்றத்தைத் தடுப்பதற்காக எழுதப்படுகிறது. பெற்றோரின் பணம் பெற்றோர் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். சட்டம் அதற்கு நன்றாகவே வழிவிட்டிருக்கிறது. ஆறு மாதம் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

எவ்வளவு அனுப்பலாம்?

ஒரு காலத்தில் சாதாரண இந்தியர் தன் சேமிப்பை வெளிநாட்டு வங்கியில் போடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. தனிநபர் ஒருவர் வருடத்துக்கு 25,000 டாலர் வரை, யாரிடமும் தனி அனுமதி கேட்காமல் அனுப்பலாம் என்றது. அந்த வரம்பு படிப்படியாக ஏறி 2 லட்சம் டாலரைத் தொட்டது. 2013-ல் ரூபாய் மளமளவென்று சரிந்தபோது 75,000-க்குக் குறைத்தார்கள். மறுபடி உயர்த்தி, 2015 முதல் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்று நிற்கிறது. ரூபாயில் 2 கோடிக்கு மேல். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று ஆளுக்குத் தனி வரம்பு. ஒரு நடுத்தர ஓய்வூதியக் குடும்பத்துக்கு இந்த வரம்பு இடிக்கப் போவதில்லை.

இடிக்கப்போவது வேறொன்று. அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் டி.சி.எஸ். வரி. 2020 அக்டோபரில் 5 சதவீதமாக வந்தது, 2023 அக்டோபரில் 20 சதவீதமாக ஏறியது. 2025 ஏப்ரல் முதல் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு இது கிடையாது. அதற்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம். கல்வி, மருத்துவச் செலவுகளுக்கு விகிதம் குறைவு. ஆனால் 'என் கணக்குக்கு என் சேமிப்பு' என்று அனுப்பினால் முழு 20-தான்.

சித்தூரில் ஒரு தம்பதி 40 லட்சம் ரூபாய் அனுப்ப நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பெயரில் ஒரே தடவையாக அனுப்பினால், 10 லட்சம் போக மீதி 30 லட்சத்துக்கு 6 லட்சம் ரூபாயை வங்கி பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு 20 லட்சமாகப் பிரித்தால் மொத்தம் 4 லட்சம். அதையே மார்ச் மாதத்தில் ஆளுக்குப் பத்து, ஏப்ரலில் ஆளுக்குப் பத்து என்று இரண்டு நிதியாண்டுகளில் அனுப்பினால் பிடித்தம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பிடித்தாலும் அந்தப் பணம் அரசாங்கத்தோடு போய்விடுவதில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புது ஊரில் வீடு பிடித்து, மருத்துவக் காப்பீடு எடுத்து, கார் இல்லாமல் தவிக்கும் முதல் வருடத்தில் 6 லட்சம் ரூபாய் வரித்துறையில் முடங்கிக் கிடப்பதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

மனைவி பெயரில் பணமே இல்லையே என்பார்கள். கணவன் மனைவிக்குப் பணம் கொடுக்க இந்தியாவில் வரி இல்லை. அந்தப் பணத்தில் வரும் வட்டி மட்டும் கணவன் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். ஆடிட்டரிடம் சொல்லி முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். அனுப்பும் வங்கியில் உங்களுக்குக் குறைந்தது ஒரு வருடமாகக் கணக்கு இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனால் வட்டி கொஞ்சம் கூட வருகிறது என்று கடைசி நேரத்தில் வேறு வங்கிக்குத் தாவாதீர்கள்.

கணக்கு முதலா, பயணம் முதலா?

இங்கேதான் முடிச்சு. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி, மே மாதம் விமானம் என்று திட்டம் போட வேண்டுமானால், அங்கே உங்கள் பெயரில் கணக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். டல்லாஸில் இல்லாமல் டல்லாஸில் கணக்குத் திறப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே விசிட்டர் விசாவில் பேரனைப் பார்க்கப் போகும் பயணத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டும் முகவரிக்கான சான்றும் வைத்துக்கொண்டு, நேரில் வரும் வெளிநாட்டவருக்குக் கணக்குத் திறந்து தரும் வங்கிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. எல்லா வங்கியும் தருவதில்லை என்பதால், பிள்ளை முன்கூட்டியே கிளையில் விசாரித்து வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் இன்னும் இங்கே குடியிருப்பவராக இருக்கும்போது அனுப்பிய பணத்தை அங்கே செலவும் செய்யாமல் முதலீடும் செய்யாமல் சும்மா போட்டு வைத்தால், 180 நாளுக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று 2022-லிருந்து விதி இருக்கிறது. பயணத் தேதியை மனதில் வைத்து அனுப்புங்கள்.

முன்பே கணக்குத் திறக்க முடியவில்லையா? இரண்டாவது வழி இருக்கிறது, பலருக்கு அதுதான் பொருத்தமும்கூட. நிரந்தரமாகக் குடியேறும் நோக்கத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து, அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இங்கே குடியிருப்பவர் இல்லை. உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கு, வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பழைய கணக்கையே ஓட்டுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்வது தவறு, பின்னால் தலைவலியும்கூட. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, அதாவது 8 கோடி ரூபாய்க்கு மேல், வெளியே அனுப்பலாம். இதற்கு அந்த 20 சதவீத டி.சி.எஸ். கிடையாது. அதற்குப் பதிலாக, அனுப்பும் பணத்துக்கு இங்கே கட்ட வேண்டிய வரி கட்டியாகிவிட்டது என்று ஆடிட்டர் சான்று தர வேண்டும். 15சிஏ, 15சிபி என்று பழகிப்போன படிவங்கள் இதற்கானவைதான்.

மாற்றுவதற்கான விண்ணப்பம், விசா நகல், வெளிநாட்டு முகவரி, பான் கார்டு எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே கிளையில் நேரில் பேசி வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் இருந்துகொண்டு கூரியரில் காகிதம் அனுப்பி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பி வந்து, மறுபடி அனுப்பி... எழுபது வயதில் கை நடுங்கும், கையெழுத்து மாறும். கிளம்புவதற்கு முன் வங்கியில் புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாறியதும் வரும் அதிர்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மூத்த குடிமக்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வட்டி வரை வங்கி வரி பிடிப்பதில்லை. அதற்கு மேலும் 15எச் படிவம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டிருந்தோம். என்.ஆர்.ஓ. ஆனதும் அந்தச் சலுகை போச்சு. முதல் ரூபாய் வட்டியிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2, பிடிப்பார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி குறைந்த விகிதம் கேட்கலாம். அதற்கு அந்த நாட்டு வரித்துறையிடம் குடியிருப்புச் சான்று வாங்கி வங்கிக்குத் தர வேண்டும்.

வீடு, மாந்தோட்டம்

டெபாசிட்டை விடப் பெரிய பணம் வீட்டில் இருக்கிறது. அதை விற்றுவிட்டுப் போவதா, போன பிறகு விற்பதா?

விற்பது என்று முடிவாகிவிட்டால், கிளம்புவதற்கு முன்பே விற்பது பெரும்பாலும் லாபம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு, பழைய முறையில் 20 சதவீதமா, புதிய முறையில் 12.5-ஆ, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று பிறகு ஒரு வழிவிட்டார்கள். அந்த வழி இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டில் குடியேறியவர்களுக்குக் கிடையாது. போதாததற்கு, குடியிருப்பவர் விற்றால் வாங்குகிறவர் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விலைக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும். என்.ஆர்.ஐ. விற்றால் 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். லாபம் குறைவுதான், குறைத்துப் பிடியுங்கள் என்று வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், ஆனால் அதற்கு நேரம் ஆகும். திருப்பதியில் வீடு வாங்க வருகிற ஒருவர் இந்தச் சிக்கலைக் கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டை வாங்கப் போய்விடுவார்.

சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மாந்தோட்டக் கவலை தனி. பெங்களூரா என்றும் தோதாபுரி என்றும் சொல்கிற மாங்காய் விளையும் நிலம், பலருக்குத் தாத்தா காலத்துச் சொத்து. வெளிநாட்டில் குடியேறியவர் விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. ஏற்கெனவே இருந்ததை, பரம்பரையாக வந்ததை, வைத்துக்கொள்ளத் தடையில்லை. விற்பதானால் இங்கே குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே இல்லை. ஆகவே நிலத்தை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மொத்தமாக விற்றுவிட்டுப் போனவர்கள், அமெரிக்கக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் இரண்டாம் வருடமே திரும்பி வர நினைக்கும்போது கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறார்கள்.

2022 ஏப்ரல் 4-ல் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டமும் இன்றைய முகவரியில் வேறு மாவட்டமும் இருப்பது இங்கே சகஜம். விற்பதானாலும், உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதுவதானாலும் இந்தக் காகிதங்களை ஊரில் இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பும் அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும்.

பெயரில் சிக்கிக்கொள்ளும் பணம்

அனுப்பிய பணம் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் மோசடியோ சட்டமோ இல்லை. பெயர்.

நம் பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். தமிழ்க் குடும்பமானால் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். தெலுங்குக் குடும்பமானால் 'இன்ட்டி பேரு' என்கிற வீட்டுப் பெயரின் முதலெழுத்து. பாஸ்புக்கில் 'கே. முனிரத்தினம்' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியிருப்பார், பான் கார்டில் இரண்டையும் முன்பின்னாக மாற்றியிருப்பார். இன்னும் சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தையே காலியாக விட்டிருப்பார்கள். அமெரிக்க விசாவில் அவர்களுடைய முழுப் பெயரும் குடும்பப் பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான அவர்களது சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்தோடுதான் அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் வரும். சித்தூரிலிருந்து 'கே. முனிரத்தினம்' அனுப்பும் பணத்தை, அங்கே 'எஃப்.என்.யு. முனிரத்தினம்' பெயரில் வரவு வைக்கலாமா என்று ஏதோ ஒரு வங்கியில் ஒரு அதிகாரி யோசிப்பார். யோசிக்கும் நாளெல்லாம் உங்கள் பணம் நடுவழியில்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அதே எழுத்துகளில் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கட்டும். அந்த வேலையை மட்டும் சரியாகச் செய்தாலே வரப்போகும் தொல்லையில் பாதி குறையும்.

பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் இரண்டு விஷயத்தை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, பெறும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு. எட்டு அல்லது பதினோரு எழுத்து. அமெரிக்காவானால் அதோடு ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணையும் கேட்பார்கள். இரண்டு, நோக்கக் குறியீடு. எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதற்கு ரிசர்வ் வங்கி எண் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் சொந்தக் கணக்கு, உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு ஒவ்வொன்றும் வேறு. அவசரத்தில் ஊழியர் 'குடும்பப் பராமரிப்பு' என்று போட்டுவிட்டால், நாளைக்கு அந்தப் பணம் உங்களுடைய சேமிப்பு என்று நிரூபிக்க அந்தக் காகிதம் உதவாது.

கட்டணம் விஷயம். நடுவில் உள்ள வங்கிகள் ஆளுக்குப் பத்து, இருபது டாலர் கழிக்கும். அதை அனுப்புகிறவரே ஏற்கிறேன் என்று படிவத்தில் குறித்தால் முழுத் தொகை போய்ச் சேர வாய்ப்பு அதிகம். 20 லட்சம் ரூபாயை டாலராக்கினால் ஜி.எஸ்.டி. 1,170 ரூபாய்தான். உண்மையான செலவு மாற்று விலையில் ஒளிந்திருக்கிறது. டாலருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வைத்தால் 20,000 டாலருக்கு 20,000 ரூபாய் போச்சு. இரண்டு வங்கியில் அன்றைய விலையைக் கேட்டு, பெரிய தொகையானால் பேரம் பேசுங்கள். கொடுப்பார்கள். முதலில் 500 டாலர் மட்டும் அனுப்பி, அது சரியாக வரவாகி, நீங்களே எடுத்துச் செலவழித்துப் பார்த்த பிறகு பெரிய தொகையை அனுப்புங்கள்.

விலை கூடத் தருகிறோம், வரியும் இல்லை என்று உண்டியல் ஆட்கள் வருவார்கள். இங்கே ரூபாயை வாங்கிக்கொண்டு அங்கே டாலர் தருவார்கள். பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். அங்கே வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டவும் முடியாது.

தாய்லாந்தைப் பாருங்கள்

பிள்ளைகளோடு போய் இருப்பது ஒன்று, ஓய்வுக்காகவே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. இரண்டாவது வகையினருக்கு இந்தியாவுக்குப் பக்கத்தில் தாய்லாந்து இருக்கிறது. பாங்காக் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் மாரியம்மன் கோயில் எழுப்பிய நாடு அது. 50 வயது முடிந்தவருக்கு ஓய்வு விசா தருகிறார்கள். அதை அங்கே நீட்டிக்க, தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே இருக்க வேண்டும். கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும்.

எனக்கு இந்த விதியில் பிடித்தது, பணம் ஓய்வுபெற்றவரின் பெயரில் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கமே கேட்பது. பிள்ளையின் கணக்கைக் காட்டி அங்கே தப்பிக்க முடியாது. மோசடிக் கணக்குகளைத் தடுக்க இப்போது வெளிநாட்டவருக்குக் கணக்குத் திறப்பதில் அங்கே கெடுபிடி அதிகம். சுற்றுலா விசாவோடு போய் நின்றால் ஒரு கிளை மறுக்கும், அடுத்த கிளை ஒப்புக்கொள்ளும். அடுக்குமாடி வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் டாலராகப் போய் அங்கேதான் பாட்டாக மாற வேண்டும். இங்கேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் வீட்டைப் பதிவு செய்யும்போது காட்ட வேண்டிய சான்று கிடைக்காது. 2024 முதல், வருடத்தில் 180 நாள் அங்கே இருப்பவர் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரி உண்டு. அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு இல்லை. ஆகவே 2023 டிசம்பர் வரையிலான பாஸ்புக் பக்கங்களைப் பத்திரமாக எடுத்துப் போக வேண்டும்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி. 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யையும் அவர்களுடைய பேநவ்வையும் இணைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில வங்கிகளிலிருந்து நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை போனிலேயே அனுப்பலாம். பெரிய தொகைக்குப் பழைய வழிதான்.

பிள்ளையின் கணக்கில் போட்டால் என்ன?

கேட்பார்கள், நேரடியாகச் சொல்லிவிடலாம். அனுப்பிய நிமிடத்திலிருந்து அது அன்பளிப்பு, அது பிள்ளையின் பணம். அவனுக்கு வேலை போனால், கடன் வந்தால், விவாகரத்து ஆனால், அந்தப் பணமும் அதோடு சேர்ந்துதான் கணக்குக்கு வரும். அங்கே 65 வயதில் கிரீன் கார்டோடு இறங்கும் பெற்றோர், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைக் காசு கொடுத்து வாங்குவதற்கே ஐந்து வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடு, மாத்திரை, பல் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் மருமகளிடமோ மருமகனிடமோ கேட்க வேண்டியிருப்பது, தலைநிமிர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்தால், பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்ததை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாது என்று ஆக்கும் பிரிவு அதில் உண்டு. கோட்டாட்சியர் முன் போய் நிற்கலாம். ஆனால் டல்லாஸ் வங்கியில் பிள்ளை பெயரில் இருக்கும் டாலரை சித்தூர் கோட்டாட்சியர் எப்படித் திருப்பி வாங்கித் தருவார்?

பிள்ளைக்கும் இதில் தொல்லை உண்டு. வெளிநாட்டவரிடமிருந்து வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் அமெரிக்க வரித்துறைக்குத் தனிப் படிவம் கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம் கடுமை. கிரீன் கார்டு வாங்கிய பெற்றோருக்கும் ஒரு கடமை இருக்கிறது. இந்தியாவில் உள்ள எல்லாக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால், அவற்றை எல்லாம் பட்டியலிட்டு வருடா வருடம் அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வரி இல்லாவிட்டாலும் தெரிவிக்க வேண்டும். திருப்பதியில் ஒரு எஃப்.டி. இருந்தாலே இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இதற்காக எல்லாவற்றையும் இங்கே மூடிவிட்டுப் போகாதீர்கள். ஓய்வூதியம் என்.ஆர்.ஓ. கணக்கில் மாதாமாதம் வந்துகொண்டிருக்கட்டும். உயிர்வாழ் சான்றை 2014-லிருந்து ஜீவன் பிரமாண் மூலமாகத் தரலாம், வெளிநாட்டில் தூதரக அதிகாரி முன்னிலையிலும் தரலாம். இரண்டு வருடம் நீங்களாக ஒரு வரவு செலவும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயலற்றது என்று வங்கி ஒதுக்கிவிடும். பத்து வருடம் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், கேட்டு வாங்கலாம் என்றாலும் அலைச்சல். இந்திய செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் உங்கள் பணத்தை நீங்களே பார்க்கக்கூட முடியாது. டி.சி.எஸ். பிடித்திருந்தால் அந்த ரீஃபண்டும் இந்தக் கணக்குக்குத்தான் வரும்.

கடைசியாக, வீட்டம்மாவைப் பற்றி. பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடுகள் எல்லாம் கணவர் கையில் இருக்கின்றன. என்.ஆர்.ஓ. கணக்கை இங்கே இருக்கும் தம்பியோடோ தங்கையோடோ கூட்டாக வைப்பதானால், முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் இயக்க முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறுகிறவர்களானால் இருவர் பெயரிலும் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி வைத்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். அங்கே திறக்கும் கணக்கிலும் அம்மாவுக்கென்று தனி அட்டை, தனிக் கடவுச்சொல், அவர் கையால் எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் வேண்டும். முதல் 500 டாலரை அனுப்பிச் சோதிக்கும்போதே அவர் பெயரில் உள்ள கணக்குக்கும் ஒன்று தனியாக அனுப்புங்கள். கடையில் அந்த அட்டையைத் தேய்த்து அவரே ஒரு பொருள் வாங்கி வரட்டும். அது சரியாக நடந்த பிறகு இங்கே மீதி டெபாசிட்டை உடைக்கச் சொல்லலாம்.